யாரும் அவுட் ஆகாத ஊர்

எங்கள் ஊருக்குப் பேஸ்பால் மூங்கில் தெப்பத்தில் வந்தது. வரும்போதே அதன் பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. பேன்ட்டுக்குச் சொந்தக்காரர் டாக்டர் அமினியாசி. பீஜி பேஸ்பால் மேம்பாட்டு மாமன்றத்தின் நிரந்தரத் தலைவர். ‘நிரந்தர’ என்பது மரியாதைக்காகச் சேர்த்ததல்ல, மாமன்றத்தின் சட்ட விதி என்று தெப்பத்தில் வைத்தே விளக்கினார். எந்தப் படிப்புக்கு டாக்டர் என்பதை மட்டும் விளக்கவில்லை.

தெப்பத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நெதானி. எங்கள் நாசெரெவுக்கும் எதிர்க்கரை தோகோலிமாவுக்கும் நடுவில் ஓடும் ஆற்றில் அவன்தான் பஸ், டாக்ஸி, லாரி எல்லாம்.

“எதுக்குங்க எங்க ஊருக்கு வர்றீங்க?”

“வளர்ச்சிக்கு.”

“யாரோட வளர்ச்சிக்கு?”

“பேஸ்பாலோட வளர்ச்சிக்கு.”

நெதானி கழியை ஊன்றிக்கொண்டு யோசித்தான். “அது எங்க மண்ணுல வருமான்னு தெரியலீங்க. சேம்பு நல்லா வரும்.”

டாக்டர் அமினியாசி அவன் முதுகில் தட்டினார். “இந்த அக்கறைதான் எங்களுக்கு வேணும்!”

தெப்பம் கரை தட்டுவதற்குள் நெதானி வட்டார வளர்ச்சி இயக்குநர் ஆகிவிட்டான். சட்டை போடாதவனுக்குப் பேட்ஜை எங்கே குத்துவது என்று தலைவர் சற்றுத் தடுமாறி, கடைசியில் அவன் கட்டியிருந்த சூலு வேட்டியின் இடுப்பு மடிப்பில் குத்தினார்.

நெதானிக்குப் பதவியில் ஆசை இல்லை. அவன் கவலை வேறு. அவன் மனைவி கெலேரா மறுபடி உண்டாகியிருந்தாள். நர்ஸ் லாய்சானியின் சுகாதார நிலையம் எதிர்க்கரையில். மூத்த பையன் பிறந்தது இதே தெப்பத்தில், வெள்ள நாளில், ஆற்றின் நட்டநடுவில். அக்கரையில் நின்று லாய்சானி கத்திய கத்தலை வைத்துக்கொண்டு நெதானியே பிரசவம் பார்த்தான். பையன் எந்த ஊர்க்காரன் என்பதில் இரண்டு ஊருக்கும் இன்றுவரை தகராறு தீரவில்லை. கெலேரா இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: “ரெண்டாவதும் தெப்பத்துலதான்னா, பேரையும் நீயே வை, பாலையும் நீயே குடு.”

பாலம் கேட்டு நாங்கள் அலையாத இடம் இல்லை. பொதுப்பணித் துறை வரும், ஆற்றை அளக்கும், போய்விடும். அளக்க வருகிறவர்களையும் நெதானிதான் இலவசமாகக் கரை சேர்ப்பான்.

வெளியூர்க்காரர் வந்தால் என்ன செய்யவேண்டுமோ அதை டாக்டர் அமினியாசி முறையாகச் செய்தார். ஒரு கட்டு யங்கோனா வேரைக் கொண்டுவந்து எங்கள் ஊர்த் தலைவர் ராத்து சவெனாதாவின் முன்னால் பாயில் வைத்தார். கட்டியக்காரர் அபோரோசா அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து, அந்தப் பானம் சிரட்டையில் ஒரு சுற்று வந்து, கையும் தட்டி முடித்த பிறகு டாக்டர் அமினியாசி பேச எழுந்தார். எழுந்தவரை அபோரோசா சூலுவைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். ராத்து உட்கார்ந்திருக்கும்போது எங்கள் ஊரில் யாரும் நிற்கமாட்டார்கள்.

டாக்டர் உட்கார்ந்தபடியே பேசினார்.

“சில நாடுகள்ல லட்சம் லட்சமா ஜனங்க பேஸ்பால் ஆடறாங்க. அங்கெல்லாம் இனிமே வளர எங்க இடமிருக்கு? நம்ம நாட்டுல யாருமே ஆடறதில்லை. அதனால, உலகத்துலயே வளர்ச்சிக்கு அதிக வாய்ப்பு இருக்கற நாடு நம்ம நாடுதான். சும்மா வந்துடலை இந்த நிலைமை. இதுக்காக எங்க மாமன்றம் பல வருஷமா பாடுபட்டிருக்கு.”

மாமன்றத்தில் அவருக்குக் கீழே துணைத்தலைவர்கள் இருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைக் குழு, ஊக்கமருந்துத் தடுப்புக் குழு, வரலாற்றுக் குழு எல்லாம் இருந்தன. ஆட்டக்காரர்களும் இரண்டு பேர் இருந்தார்களாம். ஒருவரை ஒழுங்கு நடவடிக்கைக் குழு நீக்கிவிட்டது. இன்னொருவர் ஆக்லாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போது அவர்கள் வரலாற்றுக் குழுவின் பொறுப்பில் இருக்கிறார்கள்.

“எங்க ஊரு எதுக்கு?” என்று கேட்டார் ராத்து.

“உங்க மைதானம்.”

எங்கள் ரக்பி மைதானத்தின் ஒரு மூலையைப் போன வெள்ளத்தில் ஆறு கடித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் விசிறி மாதிரி நின்றது. ரக்பிக்கு அது உதவாது. ஒழுங்கான மைதானத்தை ரக்பியிடமிருந்து பிடுங்கினால் இந்த நாட்டில் ஆட்சியே கவிழ்ந்துவிடும். ஆகவே மாமன்றம் நாடு முழுக்கத் தேடி, ஒன்றுக்கும் உதவாத மைதானம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது.

“இயற்கையே பேஸ்பாலுக்கு ஓட்டுப் போட்டிருக்கு!” என்றார் டாக்டர் அமினியாசி.

“ஆட்டம் எப்படி?”

“ஒருத்தன் பந்தை எறிவான். இன்னொருத்தன் அடிப்பான். அடிச்சவன் கிளம்பி, ஒவ்வொரு பேஸா, அதாவது நிக்கற இடமா, ஓடி, கடைசியில கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும்.”

ராத்து சிரட்டையைக் கீழே வைத்தார். “இதைத்தான் என் மாப்பிள்ளை தினம் செய்யறான். யாரும் கை தட்டினதில்லை.”

எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் நெதானி கை தூக்கினான். “பாலம் எப்போங்க வரும்?”

டாக்டர் அமினியாசிக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. புரியாததை அவர் எப்போதும் வரவேற்பார். “அருமையான கேள்வி! உலக மேல்மன்றத்திலிருந்து பார்வையாளர் வருவாங்க. வண்டி மைதானம்வரைக்கும் வரணும்ங்கறது அவங்க விதி. வண்டி வரணும்னா பாதை வரணும். பாதை வரணும்னா?”

“பாலம் வரணும்,” என்று ஊரே சொன்னது.

“பேஸ்பால் ஆடினா பாலம் வந்தே தீரும். இது என் வாக்கு.”

நாங்கள் கை தட்டினோம். யங்கோனாவின் முன்னால் கொடுத்த வாக்கு என்பதால் அதை எழுதி வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

*

பயிற்சி தொடங்கியது. விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தொப்பி இருந்தது. எல்லோரும் தொப்பி போட்டாக வேண்டும். எங்கள் ஊர் எல்லைக்குள் ராத்துவைத் தவிர வேறு யாரும் தலையில் எதையும் வைக்கக்கூடாது. மாமன்றத்தின் சீருடைக் குழு தலைநகர் சூவாவில் கூடிப் பேசி, தொப்பியை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் பின்பக்கம் வெயில் படாமல் ஆடினார்கள்.

பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. எங்கள் பக்கம் தடியைத் தோளில் வைத்து வருகிறவன் சண்டைக்கு வருகிறவன். ஆகவே அடிக்கிறவன் பேட்டைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

உண்மையான சிக்கல் எறிகிறவனுக்குப் போட்ட மேட்டில் வந்தது. பந்தெறிபவன் மண்மேட்டின் மேல் நின்று எறியவேண்டும். ராத்து பாயில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார். அவர் உட்கார்ந்திருக்கையில் இன்னொருவன் மேட்டில் ஏறி நிற்பதாவது! அபோரோசா வந்து எறிகிறவனை இறக்கிவிட்டார்.

முதலில் ராத்துவுக்கு நாற்காலி போட்டோம். போதவில்லை. மேஜை மேல் நாற்காலி போட்டோம். ராத்து ஏறி, கால்மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, “எனக்கு மரியாதை போதும், என்னை இறக்குங்கடா,” என்றார். ஆகவே மேட்டை இறக்கினோம். இறக்கி, சமமாக்கி, அப்போதும் எறிகிறவனின் தலை மேலே தெரிந்ததால் தோண்டவும் வேண்டியதாயிற்று. கடைசியில் அவன் மார்பளவு குழிக்குள் நின்று எறிந்தான். மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர்.

டாக்டர் அமினியாசி இந்தக் குழியைப் பார்த்துக் கண் கலங்கினார். தொழில்நுட்பக் குழு இதைப் பற்றிச் சூவாவில் ஒரு கருத்தரங்கு நடத்தியது. குழியிலிருந்து வருகிற பந்து அடிக்கிறவனின் காதுக்கு மேலேதான் போகும். நாலு பந்து அப்படிப் போனால் அடிக்கிறவன் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம் என்பது விதி. ஆகவே எல்லோரும் நடந்தார்கள்.

நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில்தான் எங்கள் வழக்கம் காத்திருந்தது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு அடி மண்ணுக்கும் ஒரு குலம் சொந்தம். மைதானத்தின் ஒவ்வொரு பேஸும் ஒவ்வொரு குலத்தின் மண்ணில் விழுந்தது. ரக்பியில் இதனால் தொல்லை வந்ததில்லை. ரக்பியில் எவனும் நிற்பதில்லை. ஓடிக்கொண்டே இருப்பவன் விருந்தாளி ஆகமாட்டான். பேஸ்பாலில் ஓடி வந்தவன் நிற்கிறான். நின்றால் விருந்தாளி. விருந்தாளி என்றால் யங்கோனா கொண்டுவந்து வைக்கவேண்டும். மண்ணின் சொந்தக்காரர்கள் அதை ஏற்று, கரைத்து, அவனோடு குடிக்கவேண்டும். அதற்குப் பிறகு அவன் மேல் பந்தை வைத்து அவுட் ஆக்குவதா? விருந்துக்கு வந்தவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதா? எங்களால் ஆகாது.

ஆகவே யாரும் அவுட் ஆகவில்லை.

எதிரணி தோகோலிமா. எங்கள் இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே தெய்வம். அதனால் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ள இருவருக்கும் பிறப்புரிமை. விருந்தாளிகள் என்பதால் அவர்களை முதலில் ஆடச் சொன்னோம். அந்த இன்னிங்ஸ் முடியவில்லை. தினம் காலையில் தெப்பத்தில் வருவார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், சாயங்காலம் நாக்கு மரத்துப்போய்த் திரும்புவார்கள். அவர்கள் அணித் தலைவன் மலாகாய் முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்குப் போக ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். முதல் பேஸ்காரர்களின் யங்கோனா அவ்வளவு நன்றாக இருந்தது.

“நாங்க எப்ப மச்சான் பேட்டைப் பிடிக்கறது?” என்று நெதானி கேட்டான்.

மலாகாய் படுத்தவாக்கில் பதில் சொன்னான். “உங்க ஊரு மூஞ்சிக்குப் பேட் எதுக்கு மச்சான்? பேட்டுக்கே வெக்கமா இருக்கும்.”

“உங்க ஊர்ல குளிச்சிட்டு வந்தா சீக்கிரம் அவுட் ஆக்கறோம்.”

“குளிச்சா எங்களை அடையாளம் தெரியாதே. நீ தெப்பத்துல ஏத்தமாட்டே.”

மாமன்றத்துக்குப் புள்ளிவிவரம் போய்க்கொண்டே இருந்தது. தோகோலிமாவின் ஆண்கள் தீர்ந்து பெண்கள், பெண்கள் தீர்ந்து அவர்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் என்று எல்லோரும் பேட்டை ஏந்தி முடித்திருந்தார்கள். பேஸில் உட்கார்ந்து குடித்தவர்களையும் ஆட்டக்காரர்களாகவே தலைவர் சேர்த்துக்கொண்டார். உலகத்தில் வேறெங்கும் இத்தனை பேர் பேஸில் இருந்ததில்லை என்று வானொலியில் பேசினார்.

“ஒருத்தரும் அவுட் ஆகலைங்கறாங்களே?” என்று பேட்டியாளர் கேட்டார்.

“மற்ற நாடுகள் ஆட்டக்காரங்களை வெளியே அனுப்பறாங்க. நாங்க யாரையும் வெளியே அனுப்பறதில்லை. வளர்ச்சிக்கும் தேய்வுக்கும் இதுதான் வித்தியாசம்.”

கெலேரா வானொலியை அணைத்தாள். அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. “ஊரே ஆடுது. பாலம் எங்கே?”

“பார்வையாளர் வர்றாங்களாம். அதுக்குள்ள வந்துடும்னு சொல்றாரு.”

“யாரு? அந்த நனைஞ்ச பேன்ட்டா?”

*

பார்வையாளர் வருவதற்கு முந்தின நாள் பாலம் திறப்பு விழா நடந்தது.

எங்கள் கரையில் இரண்டு கான்கிரீட் தூண். அக்கரையில் இரண்டு. இரண்டு பக்கமும் நீல ரிப்பன். நடுவில் ஆறு எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் அமினியாசி எங்கள் பக்க ரிப்பனை வெட்டிவிட்டு, தெப்பத்தில் போய் அந்தப் பக்க ரிப்பனை வெட்டிவிட்டு வந்தார்.

“பாலத்துல ரொம்பக் கஷ்டமான பகுதி ரெண்டு கரையும்தான்,” என்று பேசினார். “ரெண்டையும் முடிச்சாச்சு. நடுவுல கொஞ்சம் பாக்கி. அதுவும் தண்ணி இருக்கற இடம்தான்.”

நெதானி தூணைச் சுற்றிச் சுற்றி வந்தான். தட்டிப் பார்த்தான். நல்ல கான்கிரீட். அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. கடைசியில் தெப்பத்தைக் கட்ட இடம் கிடைத்ததென்று தெப்பத்தை அதில் கட்டினான்.

மறுநாள் பார்வையாளர் திருமதி வெர்ஹூவன் வந்தார். உயரமான, அமைதியான அம்மாள். வண்டியை அக்கரைத் தூணுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுத் தெப்பத்தில் வந்தார். வண்டி மைதானம்வரை வரவேண்டும் என்ற விதியை அவர் எழுப்பவேயில்லை. தெப்பம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. காலிலிருந்த செருப்பைக் கழற்றித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டார்.

மைதானத்தில் ராத்துவுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காரவைத்தோம். காலையிலிருந்தே மலைப்பக்கம் கறுத்துக்கிடந்தது. குழிக்குள்ளிருந்து பந்து கிளம்பிக் காதுக்கு மேலே போனது. அடிக்கிறவன் நடந்தான். பேஸில் கை தட்டினார்கள். சிரட்டை சுற்றியது.

“யார் ஜெயிக்கிறார்கள்?” என்று அம்மாள் கேட்டார்.

“இன்னும் தெரியலீங்க,” என்றார் ராத்து. “முதல் இன்னிங்ஸ் நடந்துட்டிருக்கு.”

“எப்போது தொடங்கியது?”

“மாங்கா பிஞ்சு விடறப்போ.”

அம்மாள் மாமரத்தைப் பார்த்தார். பழம் தீர்ந்து இலை மட்டும் இருந்தது. குறித்துக்கொண்டார்.

மதியம் மழை பிடித்தது. இங்கே பெய்வதற்கு முன்பே மேலே பெய்திருக்கவேண்டும்; நிமிஷத்துக்கு நிமிஷம் ஆறு பழுப்பாகி ஏறியது. அந்த நேரம் பார்த்துத்தான் நெதானியின் அக்கா மைதானத்துக்குள் ஓடி வந்தாள். எந்தக் குலத்தின் மண்ணிலும் நிற்காமல், யங்கோனா வைக்காமல், நேரே ஓடி வந்தாள்.

“கெலேராவுக்கு வலி எடுத்துடுச்சு!”

மைதானம் முழுவதும் ஒரே திசையில் திரும்பியது. “டாக்டர்!”

டாக்டர் அமினியாசி எழுந்தார். அபோரோசா கூட அவரை இழுத்து உட்காரவைக்கவில்லை.

“நான் நிர்வாகவியல் படிச்ச டாக்டர்,” என்றார்.

“அப்படின்னா?”

“அதாவது, பிரசவம் நடக்கற இடத்தைத் திறந்து வைக்கலாம்.”

கெலேராவைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தோம். அக்கரையில் நர்ஸ் லாய்சானி குடையோடு நின்றாள். சுகாதார நிலையத்தை விட்டு நகர முடியாததால் ஆட்டத்துக்கு ஒரு நாளும் வராதவள் அவள் ஒருத்திதான். அவளோடு தோகோலிமாவின் துவைக்கிற பெண்கள் நாலைந்து பேர்.

கழி ஊன்றித் தள்ளுகிற ஆறு இல்லை அது. தெப்பத்தை விட்டால் கடலில்தான் எடுக்கவேண்டும்.

நெதானி தூணைப் பார்த்தான். அக்கரைத் தூணைப் பார்த்தான். “ரெண்டுக்கும் நடுவுல ஒரு கயிறு போனா, பிடிச்சுக்கிட்டே போயிடலாம். அந்தப் பக்கம் யாராவது கட்டணும். மீன் நூலைப் பந்துல கட்டி எறிவோம். நூல் போயிட்டா அது பின்னாலேயே கயிறை இழுத்துக்கலாம்.”

பேஸ்பால் பந்து எங்களிடம் பெட்டி பெட்டியாக இருந்தது. எறிய ஆட்களும் இருந்தார்கள், உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு. முதலில் எங்கள் எறிகிறவன் எறிந்தான். குழிக்குள்ளிருந்தே எறிந்து பழகியவன். பந்து நேரே வானத்துக்குப் போய் அவன் தலையிலேயே விழுந்தது. மலாகாய் எறிந்தான். காலையிலிருந்து விருந்தாளியாக இருந்ததில் அவன் கை அவன் சொன்னதைக் கேட்கவில்லை. பந்து காலடியில் விழுந்து உருண்டது. ஒவ்வொருவராக எறிந்தார்கள். எல்லாம் தண்ணீரில். நூலைப் பிடித்து இழுத்து இழுத்து நெதானியின் விரலில் ரத்தம் வந்தது.

“தலைவரே, நீங்க எறியுங்க!”

“நான் கொள்கை அளவில்தான்…” என்று டாக்டர் அமினியாசி பின்வாங்கினார்.

“குடுடா இங்க!”

கெலேரா. பலகையிலிருந்து எழுந்துவிட்டாள். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள். “மாசக்கணக்கா ஆடினீங்க. ஒருத்தனுக்கு ஒரு பந்து எறியத் தெரியலை. குடு!”

“நீ படு கெலேரா, இந்த நிலைமையில…”

“இந்த நிலைமை யாரால வந்துச்சு? குடுங்கறேன்!”

வலி ஒன்று வந்து போகிறவரை பல்லைக் கடித்து நின்றாள். போனதும் எறிந்தாள். பந்து நூலைச் சீறவிட்டுக்கொண்டு மழைக்குள் போனது. அக்கரையில் லாய்சானி குடையைக் கீழே போட்டாள், இரண்டு அடி பின்னால் வைத்தாள், மார்போடு சேர்த்துப் பிடித்தாள். நாசெரெவு பேஸ்பால் வரலாற்றில் முழுதாக எறியப்பட்டுப் பிடிக்கப்பட்ட பந்து அது ஒன்றுதான்.

நூலோடு கயிறு போனது. துவைக்கிற பெண்கள் அதைத் தூணில் சுற்றினார்கள். நெதானி கெலேராவைத் தெப்பத்தில் வைத்து, கயிற்றைப் பிடித்துக் கை மாற்றி மாற்றி நகர்ந்தான். இந்தக் கரையில் நாங்கள் கயிற்றைத் தூணில் சுற்றி, முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். திருமதி வெர்ஹூவனும் சேற்றில் முட்டிபோட்டு எங்களோடு பிடித்தார். அவர் உள்ளங்கை உரிந்துபோனது. டாக்டர் அமினியாசி கயிற்றைத் தொடாமல் பக்கத்தில் நின்று எங்களுக்கு உற்சாகம் கொடுத்தார்.

அக்கரையில் முன்னே வந்தவர் மலாகாயின் பெரியப்பா, தோகோலிமாவின் கட்டியக்காரர். வேற்றூர் மண்ணில் யங்கோனா இல்லாமல் எப்படிக் கால் வைப்பது என்று நெதானி ஒரு கணம் தயங்கினான்.

“என்னடா முழிக்கறே?” என்று பெரியவர் கத்தினார். “வயித்துக்குள்ளே இருக்கறவன் குடிக்கற வயசுக்கு வரட்டும், அப்ப வாங்கிக்கறோம். இறக்குடா அவளை!”

பெண் குழந்தை. சுகாதார நிலையத்துக் கட்டிலில், கூரைக்குக் கீழே, காய்ந்த துணியில் பிறந்தது.

*

வெள்ளம் வடிந்தது. திருமதி வெர்ஹூவன் எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு ஊருக்குப் போனார். கயிறு மட்டும் ஆற்றின் குறுக்கே அப்படியே கிடந்தது.

கொஞ்ச காலம் கழித்து டாக்டர் அமினியாசி மறுபடி வந்தார். புது சூட் போட்டிருந்தார். உலகத்தில் மிக வேகமாகப் பேஸ்பால் வளர்ந்த நாடு என்ற கேடயம் எங்கள் மாமன்றத்துக்குக் கிடைத்திருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெப்பத்தில் ஏறினார்.

“நெதானி, உன்னை மாகாண இயக்குநர் ஆக்கியிருக்கோம்.”

“பாலம் என்னங்க ஆச்சு?”

“அதைத்தான் சொல்ல வர்றேன். அந்த அம்மா உங்க ஊரைப் பத்தி எழுதினதைப் படிச்சு மேல்மன்றத்துல எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்களாம்! அந்த எறிதல், அந்தப் பிடித்தல், அந்தக் கயிறு! ஆறுதான் உங்க ஆட்டத்தோட உயிர்னு முடிவாயிடுச்சு. இந்த நிமிஷத்துலேருந்து ஆறும் மைதானத்துல சேர்த்தி.”

“சரி. பாலம்?”

“மைதானத்துக்குக் குறுக்கே யாராவது பாலம் கட்டுவாங்களா, நெதானி? விதிப்படி கூடாது. பொதுப்பணித் துறைக்கும் சொல்லியாச்சு. அவங்களுக்கும் ரொம்ப சந்தோஷம்.”

நெதானி கழியை ஊன்றித் தள்ளினான். தெப்பம் நட்டாற்றுக்கு வந்தது. கழியைத் தூக்கி உள்ளே வைத்தான். தெப்பத்தைக் குறுக்குக் கயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“ஏன் நிக்குது?”

“ஆறும் மைதானம்னு நீங்கதானே சொன்னீங்க. அப்படின்னா நீங்க இப்ப ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்கீங்க.”

“சரி, கரைக்குத் தள்ளு.”

“கரையில நாங்க ஏத்துக்கணும்ல. யங்கோனா கொண்டு வந்தீங்களா?”

டாக்டர் அமினியாசி கேடயத்தைப் பார்த்தார். அவசரத்தில் மறந்துவிட்டிருந்தார்.

நெதானி கரையைப் பார்த்துச் சத்தம் போட்டான். கரையில் ராத்து வந்து, அபோரோசாவோடு பேசி, தீர விசாரித்தார். தோகோலிமாக்காரர்களும் அக்கரையில் கூடி விசாரித்தார்கள். பல தலைமுறைக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒரே பதிலைச் சொல்லின.

“வெறுங்கையோட வந்தவரை எங்க மண்ணுல இறக்க முடியாது,” என்று அபோரோசா கட்டியம் கூறினார். “ஆனா வந்தவரைத் திருப்பி அனுப்பற வழக்கமும் எங்ககிட்ட இல்லை. பாலம் வந்தா, அது அரசாங்கத்து மண்ணு. அதுல தாராளமா நடந்து வரலாம்.”

“உங்களுக்கு நீச்சல் தெரியுமாங்க?” என்று நெதானி மரியாதையாகக் கேட்டான்.

“நீச்சல் வேற மன்றம்,” என்றார் டாக்டர் அமினியாசி. குரல் சற்று இறங்கியிருந்தது.

அவர் போனை எடுத்துப் பொதுப்பணித் துறைக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டார். ஒலி அமைதியான ஆற்றில் இரண்டு கரைக்கும் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ ஓர் உயரதிகாரி பேசினார். இந்த நாட்டில் பாலங்களே இல்லாத ஆறுகள்தான் அதிகம் என்றும், ஆகவே பாலங்கள் வளர்வதற்கு உலகிலேயே அதிக வாய்ப்புள்ள நாடு இது என்றும், இந்த நிலையை உருவாக்கத் துறை பல வருஷமாகப் பாடுபட்டிருக்கிறது என்றும் சொன்னார். டாக்டர் அமினியாசி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேச்சை முழுதாகக் கேட்டார்.

“பேச்செல்லாம் வேண்டாம் சார்!” என்று கடைசியில் கத்தினார். “ஆளை அனுப்புங்க! கம்பியும் சிமெண்டும் அனுப்புங்க! நான் ஆத்துல உக்காந்திருக்கேன்!”

எங்கள் ஊர்க்காரர்கள் கரையில் கை தட்டினார்கள். அவர் பேசியதிலேயே எங்களுக்கு முழுதாகப் புரிந்தது அதுதான்.

என்ஜினியர் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தபோது உச்சிவெயில். கெலேரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். விருந்தாளியைப் பட்டினி போடுகிற ஊர் இல்லை எங்களுடையது. வேகவைத்த சேம்பும் தேங்காய்ப்பாலில் மீனும் வாழையிலையில் இறுக்கிக் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

“நெதானி, அவரைப் பிடிச்சுக்கச் சொல்லு!”

எறிந்தாள். பொட்டலம் ஆற்றின் மேல் அழகாக வளைந்து நேரே அவர் நெஞ்சுக்குப் போனது. பீஜி பேஸ்பால் மேம்பாட்டு மாமன்றத்தின் நிரந்தரத் தலைவர் இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டார். பொட்டலம் கேடயத்தில் பட்டு, தெறித்து, தண்ணீரில் போனது.

கெலேரா குழந்தையை இடுப்பில் மேலே ஏற்றிக்கொண்டாள்.

“பரவால்ல,” என்றாள். “பொழுது சாய இன்னொண்ணு எறியறேன். அதுக்குள்ள கொஞ்சம் பழகிக்கச் சொல்லு.”